அல்சூரில் நான்கு சனிக்கிழமைகள்: ஒரு பைத்தான் வகுப்பின் மதிப்புரை

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் தண்ணீர் லாரிக் கணக்கு எழுதும் வேலை என் தலையில் விழுந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு மாதந்தோறும் தேதிக் கட்டம் போட்ட தாள் ஒன்று தேவைப்படுகிறது. கையால் வரைந்து வரைந்து அலுத்துப்போய், பெங்களூரு அல்சூரில் ஒரு தையல் கடையின் மாடியில், கணினி நிரல் எழுதும் மொழிகளில் ஒன்றான பைத்தானைச் சொல்லித்தரும் வகுப்பில் 3,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். மாதக் காலண்டரை அச்சிடும் ஒரே ஒரு நிரலை நான்கு சனிக்கிழமைகளிலும் படிப்படியாக எழுத வைப்பதுதான் அங்கே பாடத்திட்டம்.

ஆண்டையும் மாதத்தையும் கொடுத்தால் ஒரே வரியில் தாளைத் தந்துவிடும் காலண்டர் மாட்யூல், அதாவது முன்பே எழுதி வைத்த நிரல் தொகுப்பு, பைத்தானிலேயே ஆயத்தமாக இருக்கிறது. (அது வாரத்தைத் திங்களில் தொடங்கும், ஞாயிறு முதலில் வர வேண்டுமென்றால் தனியாகச் சொல்ல வேண்டும்.) ஆசிரியர் முதல் நாளே அதைக் காட்டிவிட்டு, கடைசி வகுப்பு வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்றார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

மாதத்தின் முதல் தேதி என்ன கிழமை என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. 1900 ஜனவரி 1 திங்கட்கிழமை. அன்றிலிருந்து கடந்த நாட்களைக் கூட்டி 7ஆல் வகுத்தால், மீதி கிழமையைக் காட்டிக்கொடுத்துவிடும். 2026 ஆகஸ்ட் 1 வரை 46,233 நாட்கள், மீதி 5, திங்களிலிருந்து ஐந்து நாள் தள்ளினால் சனி. ஆனால் பலகையில் அவர் எழுதிய நிரல் ஞாயிறு என்றது. வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் புரட்டிப் பார்த்தபோது, எல்லா மாதங்களுமே ஒரு நாள் தள்ளிப் போயிருந்தன. நான்கால் வகுபடும் ஆண்டெல்லாம் லீப் ஆண்டு என்று அவர் எழுதியிருந்ததே காரணம். நூறால் வகுபடும் ஆண்டு 400ஆலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு என்பதால் 2000 தேறும், 1900 தேறாது. அடுத்த வகுப்பில் இதைச் சொன்னேன். "மொத்தத்தில் ஒன்றைக் கழித்துவிடுங்கள் சார், சரியாகிவிடும்" என்றார். சரியாகத்தான் ஆகும், 2100 பிப்ரவரி வரைக்கும். தண்ணீர் லாரிக் கணக்குக்கு அது தாராளமாகப் போதும் என்றாலும், காசு கொடுத்துக் கற்க வந்தவர்களிடம் ஓட்டையை அடைக்காமல் ஒட்டுப் போடச் சொன்னது எனக்கு உறுத்தலாகவே இருந்தது.

கட்டங்களை அடுக்கும் பகுதியை அவர் நன்றாகவே நடத்தினார். முதல் தேதிக்கு முன் எத்தனை வெற்றிடம், ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை இடம், சனி முடிந்ததும் எப்படி அடுத்த வரிக்கு இறங்குவது என்பதையெல்லாம் விளக்கிவிட்டு, சோதிப்பதற்கு இரண்டு மாதங்களைக் கொடுத்தார். 2026 பிப்ரவரி ஞாயிறில் தொடங்கி நான்கே வரிசைகளில் கச்சிதமாக முடிகிறது. அதே ஆண்டின் ஆகஸ்டுக்கு ஆறு வரிசைகள் வேண்டும். ஐந்து வரிசைகளே போதும் என்று நினைத்து எழுதியவர்களுக்கு 30, 31 காணாமல் போயின. நானும் அவர்களில் ஒருவன்.

தமிழில் கிழமைப் பெயர்களைப் போட்டதும் வேறொரு கோணல் வந்தது. "புதன்" நமக்கு மூன்று எழுத்து. பைத்தானோ உகரக் குறியையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணி ஐந்து என்கிறது. அதை நம்பி இடம் விட்டால் தலைப்பு ஒரு பக்கமும் தேதிகள் இன்னொரு பக்கமுமாக நிற்கும். பக்கத்து இருக்கைக்காரர் கன்னடத்தில் போட்டுப் பார்த்தார், அவருக்கும் இதே கதிதான். ஆங்கிலத்திலேயே வைத்துக்கொள்ளலாமே என்று ஆசிரியர் சொன்னதை நாங்கள் இருவரும் ஏற்கவில்லை. கடைசி வகுப்பில், நிரலின் வெளியீட்டை, இணையப் பக்கங்களை எழுதப் பயன்படும் எச்டிஎம்எல் மொழியில் அட்டவணையாக எழுதவைத்து பிரவுசரில் திறந்தோம். நெடுவரிசைகள் ஒழுங்காக நின்றன.

லேப்டாப்பை நாம்தான் கொண்டுபோக வேண்டும். இருபது பேருக்கு மூன்றே பிளக் பாயிண்டுகள் இருப்பதால், வீட்டிலேயே முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு போவது நல்லது.