படகுக் காசுக்கு மதிப்பு உண்டா? கீம்ஸே ஏரியின் பெண்கள் தீவு

நான் வரலாறு படித்தவன் இல்லை. நில அளவைத் துறையில் முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த ஊருக்குப் போனாலும் எல்லைக்கல் எங்கே, பரப்பு எத்தனை ஏக்கர் என்றுதான் முதலில் கண் போகும். மகள் ஜெர்மனியில், மியூனிக்கில் இருப்பதால் பவேரியா மாநிலத்துக் கீம்ஸே ஏரிக்கு இரண்டு தடவை போய் வந்தேன். அங்கே உள்ள ஃப்ராவன்இன்ஸெல், அதாவது பெண்கள் தீவு, படகு டிக்கெட் காசுக்குச் சரியா என்று தெரிந்தவர்கள் கேட்கிறார்கள். சரிதான். ஆனால் பாதிப் பேர் பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே மீனைத் தின்றுவிட்டுத் திரும்பி வருகிறார்கள். முதல் தடவை நானும் அப்படித்தான் வந்தேன்.

மியூனிக்கிலிருந்து பிரீன் என்ற ஊருக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கிருந்து படகுத்துறை இரண்டு கிலோமீட்டருக்குள். ரயில் பாஸ் படகில் செல்லாது, தனி டிக்கெட் எடுக்க வேண்டும்; இது தெரியாமல் ஒரு குடும்பம் கவுன்டரில் வாதாடிக்கொண்டிருந்தது. ஏரி சுமார் 80 சதுர கிலோமீட்டர். உள்ளூர்க்காரர்கள் பவேரியாவின் கடல் என்றே சொல்கிறார்கள். படகின் மேல்தளத்தில் உட்கார்ந்தால் தெற்கே ஆல்ப்ஸ் மலை. வேனிற்காலத்திலும் காற்று சில்லென்று அடிக்கும், ஒரு சால்வை கையில் இருக்கட்டும்.

படகு முதலில் ஹெரன்இன்ஸெல் தீவில் நிற்கும். கூட்டம் முக்கால்வாசி அங்கேயே இறங்கிவிடுகிறது. பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1878இல் அடிக்கல் போட்டு, மொத்தமே பத்து நாள் அளவுக்குத் தங்கிய அரண்மனை அங்கே இருக்கிறது. 2025இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறிவிட்டது. மேற்கு ஜெர்மனியின் அரசியல் சட்டத்துக்கு வரைவு எழுதிய கூட்டம் 1948 ஆகஸ்டில் நடந்ததும் அதே தீவின் பழைய மடத்தில்தான். அதற்கெல்லாம் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். நான் இறங்கவில்லை.

அடுத்த நிறுத்தம் பெண்கள் தீவு. பரப்பு 15.5 ஹெக்டேர், நம் கணக்கில் 38 ஏக்கர் சொச்சம். எங்கள் பக்கத்தில் ஒரு சுமாரான தென்னந்தோப்பே இதைவிடப் பெரிசு. இதற்குள் ஒரு கன்னியர் மடம், ஒரு கோவில், ஒரு கல்லறைத் தோட்டம், மீனவர் வீடுகள், மண்பாண்டக்காரர் வீடு, இருநூற்றுச் சொச்சம் குடிமக்கள். இதையும் ஹெரன்இன்ஸெலையும், பக்கத்தில் கன்னியர்கள் காய்கறி போட்ட ஒரு சின்னத் தீவையும் சேர்த்து ஒரு பஞ்சாயத்தாக வைத்திருக்கிறார்கள். பவேரியாவிலேயே மிகச் சின்னப் பஞ்சாயத்துகளில் அதுவும் ஒன்று. கார் கிடையாது. சாமான் எல்லாம் கைவண்டியில். கரையோரம் நிதானமாக நடந்தால் அரை மணியில் சுற்றி வந்துவிடலாம். அதனால்தான் எல்லோரும் அடுத்த படகுக்கே கிளம்பிவிடுகிறார்கள் போலும்.

இப்போது டோர்ஹாலே. மடத்தின் வாயில் மண்டபம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை நான் டிசம்பரில், கிறிஸ்துமஸ் சந்தைக்காகப் போனேன். சந்தை ஜோர். மண்டபம் பூட்டு. வேனில் மாதங்களில்தான் திறக்கிறார்கள் என்பதை விசாரிக்காமல் போனது என் தப்பு. இரண்டாவது தடவை ஜூன் மாதம், மனைவியோடு போனேன்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை. ரெண்டு மாடி, தடித்த சுவர், கீழே வளைவு வாசல். நம்மூர்க் கோபுரத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஒரு நெல் கிடங்கு. ஆனால் இது கரோலிங்கியர், அதாவது சார்லமேன் மன்னரின் வம்சத்தார் ஆண்ட 9ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்கிறார்கள். 1961 முதல் 1964 வரை விளாடிமிர் மிலோய்சிச் என்ற தொல்லியலாளர் இந்த மடத்தில் அகழாய்வு செய்து, சுவர்களையும் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார். அதுவரை பழைய வாசல் என்று போய்க்கொண்டிருந்தவர்கள் அப்புறம்தான் நின்று பார்த்தார்கள். மாடியில் ஒரு சின்ன வழிபாட்டு அறை. சுவரில் தேவதூதர்களின் மங்கிய கோட்டோவியம். கண் பழகுவதற்கு ரெண்டு நிமிடம் ஆகும். முதலில் ஒரு இறக்கையின் விளிம்பு தெரியும், அப்புறம் ஒரு தோள், அப்புறம் முகம். அவசரப்படுகிறவர்களுக்குக் காரைச் சுவர் மட்டுமே தெரியும். எனக்குப் பின்னால் வந்த ஒரு ஜோடி இருபது நொடியில் இறங்கிப் போய்விட்டது.

மடத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் இனிச் சொல்வது புரியாது. பவேரியாவின் பிரபு மூன்றாம் டாஸிலோ 782 வாக்கில் இதைத் தொடங்கினார் என்பது மடத்தின் வரலாறு. ஆறே வருடத்தில், 788இல், பிராங்கிய மன்னர் சார்லமேன் அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார். அதே சார்லமேனின் கொள்ளுப்பேத்தி இர்மென்கார்ட்தான் பின்னால் இங்கே தலைவியாக இருந்து 866இல் இறந்தவர். நம் ஊர் ஜமீன் வழக்குகளில் பார்த்ததுதான்: சொத்தைப் பறித்த வீட்டுப் பெண்ணே கடைசியில் அதைக் காப்பாற்றுவாள். 10ஆம் நூற்றாண்டில் மகியார், அதாவது ஹங்கேரியப் படைகள் வந்து அடித்துப் போட்டன. அதற்கு அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பக்கத்து ஸீயோன் மடத்துத் தலைவர் கெர்ஹார்ட், இர்மென்கார்டின் கல்லறையைத் திறந்து, எலும்புகளோடு எழுத்துப் பொறித்த ஒரு ஈயத் தகட்டை வைத்தார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்களும் அப்படித்தான். பின்னால் வருகிறவன் குழம்பக் கூடாது என்று கல்லில் எண் கொத்திவைத்துவிட்டுப் போவோம்.

கோவிலுக்குள் இர்மென்கார்டுக்கு ஒரு தனிச் சிற்றாலயம் உண்டு. வேண்டுதல் பலித்தவர்கள் மாட்டிய படங்களும் பலகைகளும் சுவர் முழுக்க. மனைவிக்குத் தீவில் பிடித்த இடம் இதுதான். வேளாங்கண்ணியில் வெள்ளிக் கண்மலரும் தொட்டிலும் பார்த்தவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. கோவிலின் கூரை வளைவுக்கு மேலே 12ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் மறைந்திருக்கின்றன. கீழே நிற்கிற நமக்குத் தெரியாது. எண்பட்டை மணிக்கூண்டு கோவிலை ஒட்டாமல் தனியாக நிற்கும், மேலே வெங்காய வடிவக் குவிமாடம். எல்லோரும் போட்டோ எடுப்பது இதைத்தான்.

கல்லறைத் தோட்டத்தில் ஓவியர்கள் பலர் கிடக்கிறார்கள். 1828இல் மாக்ஸ் ஹவுஸ்ஹோஃபர் என்ற இளம் ஓவியர் வந்து, தீவை வரைந்து, விடுதிக்காரர் மகளையே கல்யாணம் செய்துகொண்டு, ஓவியர் கூட்டத்துக்கே வழி காட்டினார். அதே தோட்டத்தில் ஹிட்லரின் தளபதி ஆல்ஃப்ரெட் யோட்லின் பேரில் ஒரு சிலுவை வைத்தார்கள். நியூரெம்பெர்க்கில் 1946இல் தூக்கிலிடப்பட்டவர். உடல் இங்கே இல்லை, பெயர் மட்டும். பல வருடம் அது பெரிய சர்ச்சை. 38 ஏக்கருக்குள் இதற்கும் இடம் கொடுத்தார்களே என்று இருந்தது. அங்கே அதிக நேரம் நிற்கவில்லை.

நான் இதை எழுத உட்கார்ந்ததே அடுத்த இடத்துக்காக. தீவின் மேடான பகுதியில் லிண்டன் மரங்கள் இரண்டு நிற்கின்றன, ஆயிரம் வயது என்று சொல்வார்கள். நடுவில் புல்தரை. ஆட்கள் கால் நீட்டிப் படுத்திருப்பார்கள், குழந்தைகள் ஓடும். நம்மூர் ஆலமரத்து மேடை மாதிரி. இந்தப் புல்லுக்கு அடியில் ஒரு முழுக் கோவிலின் அடித்தளம் இருக்கிறது.

மடத்துக் கோவில் கன்னியர்களுக்கு. தீவு ஜனங்களுக்கென்று புனித மார்ட்டின் கோவில் தனியாக இருந்தது. 1803இல் பவேரிய அரசு மடங்களைக் கலைத்தபோது அதை இடித்துப் போட்டார்கள். இடம் உத்தேசமாகத் தெரியும், வடிவம் தெரியாது. 2024 தொடக்கத்தில் பவேரியாவின் நினைவுச்சின்னப் பாதுகாப்புத் துறை அறிவித்தது: தரை ஊடுருவும் ரேடார் வைத்துப் பார்த்ததில் அடித்தளம் தெரிகிறது, எண்கோணம், உள்ளே ஒரு சுற்றுப் பிராகாரம். ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முந்தியது. ஜெருசலேமின் திருக்கல்லறைத் தேவாலயத்தை மனதில் வைத்துக் கட்டியிருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். ஒரு மண்வெட்டிகூடப் படவில்லை.

ரேடார் ஒன்றும் மந்திரம் இல்லை. பெட்டியை வண்டியில் வைத்து நேர்கோட்டில் இழுத்துப் போவார்கள். அது மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்பும். மண் முடிந்து கல் தொடங்கும் இடத்தில் கொஞ்சம் திரும்பி வரும். திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதிலிருந்து ஆழம் தெரியும். பக்கத்துக் கோடு, அதற்குப் பக்கத்துக் கோடு என்று வயல் உழுவது போலப் போய், எல்லாவற்றையும் சேர்த்தால் படம். நாங்கள் வயலுக்குக் குறுக்கே ஜி-லைன் என்ற அடிக்கோடு போட்டு, அதிலிருந்து எல்லைக்கு ஆஃப்செட், அதாவது செங்குத்துத் தூரம், எடுத்துப் புலப்படம் வரைவதும் இதே தர்மம்தான். எங்களுக்குத் தரைக்கு மேலே, அவர்களுக்குக் கீழே.

எண்கோணத்தைத் தரையில் எப்படிப் போட்டிருப்பார்கள் என்று புல்லில் உட்கார்ந்து யோசித்தேன். கயிறு போதும். முதலில் ஒரு சதுரம். அதன் மூலைவிட்டத்தில் பாதி நீளத்துக்குக் கயிற்றை வெட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூலையிலும் முளை அடித்து, இரு பக்கத்திலும் குறி வைத்தால் எட்டுப் புள்ளி கிடைத்துவிடும். படகு டிக்கெட்டின் பின்பக்கம் வரைந்து மனைவியிடம் காட்டினேன்.

“ஏங்க, ஒண்ணுமே இல்லாத இடத்தைப் பார்க்கவா ரயில் ஏறி, படகு ஏறி வந்தோம்?”

“இருக்குடி. நீ அது மேலதான் உட்கார்ந்திருக்க.”

அவள் சட்டென்று எழுந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அங்கேயும் கோவில்தான் என்று நான் சொல்லவில்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இங்கே ரென்கே என்ற ஏரிமீனைப் புகையில் வாட்டி விற்கிறார்கள். மீன்பிடி உரிமை சில குடும்பங்களுக்குப் பரம்பரையாக வருவது. வீட்டு முற்றத்திலேயே புகைக்கூடு, ஜன்னலில் வியாபாரம். கருவாடு மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள். தோல் பொன்னிறம், உரித்தால் உள்ளே வெள்ளைச் சதை இதழ் இதழாக ஈரத்தோடு வரும். உப்பு அளவு, புகை வாசனை மூக்குக்குப் பின்னால்தான் தெரியும். முழு மீனாக வாங்கினால் முள் எடுக்கும் பொறுமை வேண்டும். நாட்டுக் கெண்டையைத் தின்று வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. ரொட்டிக்குள் வெங்காயத்தோடு வைத்தும் தருவார்கள். அதில் காரமே இல்லை. பையில் ஊறுகாய்ப் பொட்டலம் வைத்திருந்தேன், யாரும் பார்க்காமல் தொட்டுக்கொண்டேன்.

மனைவிக்குக் கிடைக்கவில்லை. நாங்கள் போனது வெள்ளிக்கிழமை, அவள் கவுச்சி தொடமாட்டாள். கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சியை விட்டு மீன் சாப்பிடுகிறவர்கள் என்பதால் வரிசை நீளம் வேறு. அவளுக்காக ஓர் உணவகத்தில் உட்கார்ந்தோம், பெயர் வேண்டாம். உருளைக்கிழங்கு வர நாற்பது நிமிடம். வந்ததும் பன்றித் துண்டு தூவியிருந்தது. திருப்பி அனுப்பினோம், மன்னிப்புக் கேட்டார்கள், ஆனால் நாங்கள் குறித்துவைத்த படகு போய்விட்டது. சைவக்காரர்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போவது உத்தமம். லிண்டன் மர நிழலில் புளியோதரைக்கு என்ன குறை?

படகு தவறியதில் ஒரு லாபம். 1609 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிற மண்பாண்டக் கடைக்குள் நுழைய நேரம் கிடைத்தது. ஒரு சின்னக் கிண்ணம் எடுத்தேன். என்ன விலை என்று மகளிடம் சொல்லவில்லை. மடத்துக் கடையில் கன்னியர் மடத்து மார்சிபான், பாதாம் அரைத்த இனிப்பு. நம்மூர் முந்திரிக் கேக்குக்கு ஒன்றுவிட்ட தங்கை. மடத்து மதுபானமும் உண்டு, மனைவி கூட இருந்ததால் அதைப் பற்றி எழுத முடியவில்லை. வேறொரு கடையில் கார்டு வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள், ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு: தீவு பெரும்பாலும் சமதரை, டோர்ஹாலே மாடிப்படிதான் சிரமம். வரலாறு பார்க்கப் போகிறவர்கள் கிறிஸ்துமஸ் சந்தை நாளில் போகவேண்டாம், நிற்க இடம் இருக்காது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே துறைப் பலகையில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை போகலாமா என்பது அவரவர் வீட்டைப் பொறுத்தது.