மலக்குடல் புற்று திரும்பினால்: சிறிய வெட்டா, பெரிய வெட்டா?

அறுவை முடிந்த பிறகு புற்று இடுப்புக்குள்ளேயே மறுபடி தலைகாட்டினால், அறுவை நிபுணர் முன் இரண்டு வழிகள். கட்டியை மட்டும் எடுப்பது ஒன்று. அது ஒட்டிய சிறுநீர்ப்பை, கருப்பை அல்லது புராஸ்டேட், தேவைப்பட்டால் திருவெலும்பின் (முதுகெலும்பின் அடியில் உள்ள எலும்பு) கீழ்ப்பகுதி என மொத்தமாக எடுப்பது மற்றது. இந்தப் பெரிய அறுவையை 1948இல் அலெக்சாண்டர் புருன்ஷ்விக் விவரித்தார், அதுவும் முற்றிய கருப்பைவாய்ப் புற்றுக்காக.

சிறிய வெட்டு கேட்க இதம்: சீக்கிரம் வீடு, உறுப்புகளும் மிஞ்சும். சிக்கல் உள்ளே இருக்கிறது. பழைய அறுவையும் கதிர்வீச்சும் இடுப்பின் அடுக்குகளை இறுக்கிவிட்டிருக்கும். தழும்பு எது, புற்று எது என்று விரலுக்குப் பிடிபடாது. வெட்டிய ஓரத்தில் நுண்ணோக்கி நாலு புற்றணுக்களைக் காட்டினாலும் நோய் மீண்டும் வரும் வாய்ப்பு அதிகம். கட்டி பழைய குடல் இணைப்பிலேயே அடங்கி நின்றால் மட்டுமே இதற்கு என் ஓட்டு.

பெரிய வெட்டு பல மணி நேரம். தொடை அல்லது வயிற்றுத் தசையை இறக்கிப் பள்ளத்தை மூட வேண்டிவரலாம். கண்விழித்தால் பெரும்பாலும் வயிற்றுக்கு வெளியே இடப்பக்கம் மலம் சேரும் பை, வலப்பக்கம் சிறுநீர் சேரும் பை. ஆனால் ஓரம் சுத்தமாக வந்தால், அனுபவமுள்ள மையங்களில் ஏறக்குறைய பாதிப்பேர் 5 ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள்.

வயிற்றறைக்குள் புற்று பரவியவர்களுக்கு மட்டும் பெரிய வெட்டு பெரும்பாலும் வீண் வதை.