பத்துப் பெட்டியில் எனக்குப் பிடித்தது கடைசிப் பெட்டி: எச்.ஓ. அளவில் 'த கனேடியன்'

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வீடு வாங்கும் நம்மவர்கள் பேஸ்மென்டைப் பார்த்ததும் வாடகைக் கணக்குப் போடுவார்கள். நான் தண்டவாளத்தின் வளைவு எவ்வளவு அகலமாக வரும் என்று கணக்குப் போட்டேன். 'த கனேடியன்' போன்ற ரயிலின் மாதிரியை வாங்க நினைப்பவர் முதலில் போட வேண்டிய கணக்கும் அதுதான்.

கனேடியன் பசிபிக் நிறுவனம் 1955 ஏப்ரல் 24 அன்று ஓடவிட்ட ரயில் இது. மொன்றியலிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் வன்கூவர் வரை போனது. ஃபிலடெல்ஃபியாவின் பட் கம்பனி இதற்காகக் கட்டிக்கொடுத்த பெட்டிகள் 173. எல்லாமே துருவேறாத எஃகு. நான் வாங்கியது எச்.ஓ. அளவில், அதாவது 87-இல் ஒரு பங்காகச் செய்த பழைய செட்: இரண்டு எஞ்சின், பத்துப் பெட்டி, விலை 1,100 டொலர். யாரோ சேர்த்து வைத்திருந்து கடைக்கு விற்றது. பெட்டிகள் எல்லாம் ஒரே கம்பனியின் வேலையல்ல என்பது விளக்கைப் போட்டதும் தெரிந்தது.

எப்படித் தெரிந்தது என்றால், பளபளப்பில். இந்த வகை மாதிரிகளில் தரத்தைக் காட்டிக்கொடுப்பது அதுதான். பிளாஸ்டிக்குக்கு முலாம் பூசினால் சீர்வரிசையில் வைத்த எவர்சில்வர் குடம் மாதிரி கண்ணைப் பறிக்கும். வெறும் வெள்ளி வர்ணம் அடித்தால் சாம்பல் பூத்துக் கிடக்கும். நிஜப் பெட்டி இரண்டுக்கும் நடுவில் நிற்பது. என் செட்டில் ஏழு பெட்டிகள் அந்த நடுநிலையைச் சரியாகப் பிடித்திருக்கின்றன. பக்கவாட்டில் ஓடும் வரிவரியான நெளிவுகளில் விரல் நகத்தை ஓட்டினால் ஒவ்வொரு வரியும் தனியாகத் தட்டுப்படுகிறது. சன்னலுக்கு மேலே மெரூன் பட்டையில் பொன்னெழுத்தில் கம்பனியின் பெயர். பூதக்கண்ணாடி வைத்தாலும் எழுத்தின் விளிம்பு பிசிறவில்லை. மிச்சம் மூன்று பெட்டிகளும் முலாம் ரகம். அவற்றை ரயிலின் நடுவில் மறைத்துவிட்டேன்.

விற்ற கடையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 'ஓட்டிப் பார்த்தது' என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். ஓட்டிப் பார்த்திருந்தால் இரண்டு பெட்டிகளில் சக்கரத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் தகடு வளைந்து கிடப்பது கண்ணில் பட்டிருக்கும். விளக்குகள் சாவு வீட்டுக் குழல்விளக்குப் போலத் துடித்தன. கதவோரக் கைப்பிடிக் கம்பிகள் சில, செட் வந்த அட்டைப்பெட்டிக்குள்ளேயே முறிந்து கிடந்தன. தொலைபேசியில் கேட்டதற்கு, 'பழைய பொருள்தானே' என்றார்கள். தகட்டை நானே நிமிர்த்தினேன். கம்பிகளை மெல்லிய பித்தளைக் கம்பியில் செய்து போட்டேன்.

ஓட்டம் எப்படி? நிஜத்தில் 85 அடிப் பெட்டி, மாதிரியில் 30 சென்ரிமீற்றருக்கு மயிரிழை குறைவு. எஞ்சின்களோடு சேர்த்தால் ரயில் 3.4 மீற்றர். 22 அங்குல ஆரமுள்ள வளைவில் இதை விட்டால் பெட்டியின் நடுப்பகுதி தண்டவாளத்தின் உட்புறம் பிதுங்குகிறது, முனைகள் வெளியே நீட்டிக்கொள்கின்றன, இரண்டு பெட்டிகளுக்கு இடையிலுள்ள துருத்தி மடிப்பு வாயைப் பிளக்கிறது. தடம் புரளாமல் போகும் என்பது வேறு, பார்க்கச் சகிக்காது. 30 அங்குலத்துக்கு மாற்றிய பிறகுதான் ரயில் ரயிலாக ஓடியது. அதற்கு மேசை ஐந்தடிக்கு மேல் அகலம் வேண்டும். என் மனைவியின் தையல் மெஷின் மேல்மாடிக்குப் போன கதையை இங்கே எழுதப்போவதில்லை.

சத்தத்துக்கு முழு மதிப்பெண். இந்த ரயிலை இழுத்த எஃப்.பி. வகை எஞ்சின்கள் ஒன்ராறியோவின் லண்டன் நகரில் இருந்த ஜெனரல் மோட்டர்ஸ் தொழிற்சாலையில் உருவானவை. 567 வரிசை டீசல் அவற்றின் இதயம். ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 567 கன அங்குலம் என்பதால் அந்தப் பெயர். கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா இலங்கைக்குக் கொடுத்த எம்2 எஞ்சின்களிலும் இதே 567 குடும்பம்தான். அவற்றில் பல கனேடிய மாகாணங்களின் பெயரைத் தாங்கியவை. யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில் ரயில் மேடையில் நின்று அந்த உறுமலைக் கேட்டு வளர்ந்தவனுக்கு, எஞ்சினுக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கர் கரகரப்பதும் குறையாகத் தெரியவில்லை. நடுநிலையான மதிப்பீடு வேண்டுமென்றால் வேறு யாரையாவது கேளுங்கள்.

பத்துப் பெட்டியில் மற்ற ஒன்பதையும் விற்கச் சொன்னாலும் விற்பேன், 'பார்க்' பெட்டியைக் கொடுக்கமாட்டேன். ரயிலின் வால் அது: வட்டமாக முடியும் பின்புறம், கூரையில் கண்ணாடிக் குவிமாடம். நிஜத்தில் இப்படிப் பதினெட்டுப் பெட்டிகள் இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூங்காவின் பெயர். உள்ளே கனேடிய ஓவியர்களின் சுவரோவியங்கள், ஏ.ஒய். ஜாக்சனும் அவர்களில் ஒருவர். மாதிரியில் ஓவியத்தைத் தேடினேன், சுவர் மட்டும்தான் இருக்கிறது. ஆனால் குவிமாடத்துக்கு ஏறும் படிக்கட்டு இருக்கிறது, மேலே இருக்கைகள் இருக்கின்றன. "அம்மப்பா, மாடியில் ஏன் ஒருத்தரும் இல்லை?" என்று பேத்தி கேட்ட பிறகு கூரையைக் கழற்றி ஆறு பயணிகளை ஒட்டினேன். ஒருத்திக்குச் சேலை வர்ணம் பூசியது பேத்தியின் வேலை.

இந்த ரயில் இன்றும் ரொறன்ரோ யூனியன் நிலையத்திலிருந்து வன்கூவருக்குப் புறப்படுகிறது. பட் கம்பனியின் அதே பெட்டிகள். ஆனால் 1990 முதல் பாதை வேறு, மெரூன் பட்டையும் போய்விட்டது. பழைய கோலம் வேண்டுமென்றால் மாதிரிதான் வழி.

முழு செட்டும் வாங்கச் சொல்லமாட்டேன். ஒரு எஞ்சின், ஒரு உணவுப் பெட்டி, ஒரு படுக்கைப் பெட்டி, ஒரு பார்க் பெட்டி போதும். சின்ன மேசையில் அதுவே லட்சணமாக இருக்கும். கண்காட்சிகளில் தனிப்பெட்டிகள் கிடைக்கும். பார்க் பெட்டி கண்ணில் பட்டால் குவிமாடத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கண்ணாடியில் வெள்ளையாகப் பசை படர்ந்திருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள், அது துடைத்தால் போகாது.