டிஸ்கவர் பாஸா, ஃபாரஸ்ட் பாஸா, 80 டாலர் கார்டா? சியாட்டில்வாசிகளுக்கு ஒரு கணக்கு

சியாட்டில், பெல்வியூ, ரெட்மண்ட் பக்கம் இருப்பவர்கள் மலையேறக் கிளம்பும்போது வண்டிக்கு எந்த பாஸ் வேண்டும் என்று குழம்புவது வழக்கம். வாஷிங்டன் மாநில நிலத்துக்கு ஒரு பாஸ், மத்திய அரசின் நிலத்துக்கு வேறு பாஸ். ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்று செல்லாது. மேலும், பாஸ் வண்டி நிற்கும் இடத்துக்குத்தான்; நடக்கும் பாதை யாருடையது என்பது கணக்கில் வராது. மவுண்ட் பில்சக்கின் உச்சி மாநிலப் பூங்காவுக்குள் இருக்கிறது. ஆனால் காரை நிறுத்துவது தேசிய வன நிலத்தில். மாநில பாஸைத் தொங்கவிட்டுப் போனால் அங்கே செல்லாது.

டிஸ்கவர் பாஸ் மாநிலத்தினுடையது, 2011 ஜூலையில் வந்தது. மாநிலப் பூங்காக்கள், இயற்கை வளத் துறை நிலங்கள், மீன் மற்றும் வனவிலங்குத் துறை நிலங்கள் மூன்றுக்கும் செல்லும். ஒரு நாளுக்கு 10 டாலர். ஆண்டு பாஸ் வெகுகாலம் 30 டாலராக இருந்து, 2025 அக்டோபர் 1 முதல் 45 ஆகிவிட்டது. கடையிலோ ஆன்லைனிலோ வாங்கினால் இதன்மேல் கொஞ்சம் சேவைக் கட்டணம் சேரும். ஆக, வருடத்துக்கு ஐந்து முறை போனால்தான் ஆண்டு பாஸ் லாபம்; நான்கு முறைக்கு 40 டாலரோடு முடிந்துவிடும். மவுண்ட் சை, லிட்டில் சை, மெயில்பாக்ஸ் பீக், ட்வின் ஃபால்ஸ், வாலஸ் ஃபால்ஸ், டிசெப்ஷன் பாஸ் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். வார இறுதியில் அரை நாள் போய் வருகிற இடங்கள் பெரும்பாலும் இவைதான் என்பதால், பலருக்கு முதல் பாஸ் இதுவாகத்தான் இருக்கும்.

இந்த பாஸில் இரண்டு நம்பர் பிளேட் எழுத இடம் உண்டு. வீட்டில் இரண்டு கார் இருந்தால் மாற்றி மாற்றித் தொங்கவிடலாம். ஒரே நேரத்தில் இரண்டுக்கும் ஆகாது. மூன்றாவது காரில் போனால் நாள் பாஸ்தான். எண்ணை எழுதாமல் தொங்கவிட்டால் பாஸ் செல்லாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான். அபராதம் 99 டாலர். பதினைந்து நாளுக்குள் ஆண்டு பாஸ் வாங்கியதற்கான சான்றைக் காட்டினால் 59 ஆகக் குறையும்.

வண்டிப் பதிவைப் புதுப்பிக்கும்போது 5 டாலர் மாநிலப் பூங்காக்களுக்கென்று சேர்ந்து போகும். வேண்டாம் என்று சொன்னாலொழிய கழித்துக்கொள்வார்கள். அது நன்கொடை. அதைக் கட்டியதால் பாஸ் இருக்கிறது என்று நினைத்துப் போகாதீர்கள். மீன்பிடி உரிமத்தோடு இலவசமாகக் கிடைக்கும் வாகன அனுமதியும் அப்படித்தான்: மீன் மற்றும் வனவிலங்குத் துறை நிலத்தில் மட்டும் செல்லும், மவுண்ட் சையில் செல்லாது. மாநிலம் அறிவிக்கும் இலவச நாட்களும் மாநிலப் பூங்காக்களுக்கு மட்டுமே. மெயில்பாக்ஸ் பீக் போகிறவருக்கு அன்றும் பாஸ் வேண்டும்.

நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் தேசிய வனத் துறையினுடையது. நாளுக்கு 5 டாலர், ஆண்டுக்கு 30. வாஷிங்டன், ஆரிகன் இரண்டு மாநிலங்களிலும் உள்ள தேசிய வனங்களில் செல்லும். ஸ்னோ லேக், ஃபிராங்க்ளின் ஃபால்ஸ், லேக் 22, ஹெதர் மெடோஸ் எல்லாம் இதன் கீழ். நார்த் பெண்ட் அருகே மிடில் ஃபோர்க் சாலையில் இரண்டு அரசின் நிலமும் வருகிறது: மெயில்பாக்ஸ் பீக்குக்கு டிஸ்கவர், அதே சாலையில் மேலே போய் கார்ஃபீல்ட் லெட்ஜஸ் ஏற ஃபாரஸ்ட் பாஸ். மேலே போகப்போக போன் சிக்னல் கிடைக்காது. அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாமல் வீட்டிலேயே வாங்கி அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஆள் இல்லாத இடத்தில் போனுக்குள் இருக்கும் பாஸை யாருக்குக் காட்டுவது?

மூன்றாவது, அமெரிக்கா தி பியூட்டிஃபுல் என்ற மத்திய அரசின் ஆண்டு பாஸ், 80 டாலர். வனத் துறை நிலங்களில் ஃபாரஸ்ட் பாஸின் வேலையை இதுவே செய்துவிடும். தேசியப் பூங்காக்களுக்கான நுழைவும் இதில் அடக்கம். ஃபாரஸ்ட் பாஸ் பூங்காவுக்குள் செல்லாது. மவுண்ட் ரெய்னியர், ஒலிம்பிக் இரண்டிலும் கார் ஒன்றுக்கு 30 டாலர், ஏழு நாளுக்கு. ஒரு வருடத்தில் இரண்டு பூங்காவுக்கும் ஒரு முறை போய், ஃபாரஸ்ட் பாஸும் வாங்கினால் 90. அதற்கு இந்த 80 டாலர் கார்டே மேல். வருடத்தில் ஒரு முறைக்கு மேல் இந்தப் பூங்காக்களுக்குப் போகாதவர்தான் ஃபாரஸ்ட் பாஸைத் தனியாக வாங்க வேண்டும். கார்டு அடுத்த ஆண்டு அதே மாதக் கடைசி நாள் வரை செல்லும் என்பதால் மாத முதல் தேதிகளில் வாங்குவது கெட்டிக்காரத்தனம். வாசலில் போட்டோ அடையாள அட்டையும் கேட்பார்கள். தொலைந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்களா? 62 வயது நிறைந்து, கிரீன் கார்டு அல்லது குடியுரிமை இருந்தால் 80 டாலருக்கு வாழ்நாள் சீனியர் பாஸ் உண்டு. ஓராண்டுக்கு மட்டும் என்றால் 20. இவற்றில் தயங்காமல் வாங்க வேண்டியது வாழ்நாள் பாஸ்தான். விசிட்டர் விசாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது. 2026 முதல் மேலே சொன்ன ஆண்டு கார்டின் 80 டாலர் விலையும் அமெரிக்கவாசிகளுக்கு மட்டும். வெளிநாட்டினர் தங்கள் பெயரில் ஆண்டு பாஸ் வாங்கினால் 250. யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன் போன்ற பதினொரு பூங்காக்களில் அந்த பாஸ் இல்லாத வெளிநாட்டினருக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல். அந்தப் பட்டியலில் ரெய்னியரும் ஒலிம்பிக்கும் இல்லை.

மாதம் ஒரு முறையாவது கிளம்புகிற குடும்பத்துக்கு டிஸ்கவரும் 80 டாலர் கார்டும் சேர்த்து 125 டாலர் பொருத்தம். எப்போதாவது போகிறவர்கள் நாள் பாஸோடு நிறுத்திக்கொள்ளலாம். பைசா செலவில்லாமலும் நடக்கலாம்: ராட்டில்ஸ்நேக் லெட்ஜ், கூகர் மவுண்டன், சிரிக்கோ வழியாக பூ பூ பாயிண்ட் மூன்றுக்கும் பாஸே வேண்டாம். ஆனால் ராட்டில்ஸ்நேக்கில் கோடைச் சனிக்கிழமை காலையிலேயே பார்க்கிங் நிரம்பிவிடும்.

பனிக்காலத்தில் ஹையாக் போன்ற ஸ்னோ பார்க் (பனியில் விளையாட வருபவர்கள் வண்டி நிறுத்தும்) இடங்களுக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். 80 டாலர் கார்டு அதற்குப் பதிலாகாது. ரெய்னியரின் சில பகுதிகளுக்கு 2024, 2025 கோடைகளில் நுழைய முன்பதிவும் தேவைப்பட்டது. பாஸ் கையில் இருந்தாலும் அந்த முன்பதிவுச் சீட்டை 2 டாலர் கொடுத்துத் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. எனவே கிளம்பும் முன் அந்த ஆண்டின் விதியைப் பூங்காவின் தளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.