கதவைத் திறந்தும் நிற்காத டிரையர்: பழுது பார்க்க வந்தவர் செய்துவிட்டுப் போன வேலை

துணி உலர்த்தும் உங்கள் வீட்டு டிரையரை அண்மையில் யாராவது பழுது பார்த்திருந்தால், மேலே படிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். துணி எதுவும் போடாமல் மெஷினை ஓட விட்டு, அரை நிமிடம் கழித்துக் கதவைத் திறந்து பாருங்கள். ஓரிரு நொடியில் ட்ரம் நின்றுவிட வேண்டும். நிற்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். சரிசெய்யும் வரை திரும்பச் சொருகாதீர்கள்.

எங்கள் வீட்டில் அது நிற்கவில்லை. நான்கு வயது மகள் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் டிரையர் 2018இல் வாங்கியது, பக்கவாட்டில் திறக்கும் கதவு. ஆறு வருடம் ஒரு தொந்தரவும் தரவில்லை. அப்புறம் ஒரு நாள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றது. ஸ்டார்ட் பட்டனை அமுக்கினால் சில சமயம் ஓடும், சில சமயம் ஓடாது. கதவை முழங்காலால் அழுத்திக்கொண்டு பட்டனை அமுக்கினால் மட்டும் தவறாமல் ஓடும். காலை எடுத்த சில நிமிடத்தில் மறுபடி நின்றுவிடும். இரண்டு வாரம் இப்படியே ஓட்டினோம்.

கதவை அழுத்தினால் ஓடுகிறது என்றால் கோளாறு பெரும்பாலும் கதவுப் பக்கம்தான் இருக்கும். இந்த ஒரு வரி அன்று எனக்குத் தெரிந்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

இணையத்தில் தேடி, முதலில் வந்த எண்ணுக்கு அழைத்தேன். கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டர் என்றே நினைத்தேன். போனை எடுத்தவரும் அப்படித்தான் பேசினார். மெஷினோடு வந்த கையேட்டில் கம்பெனி எண் அச்சடித்திருந்தது, அதை எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மறுநாள் ஒருவர் வந்தார். கதவைத் தொடவே இல்லை. மேல்தகட்டைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "போர்டு போயிடுச்சு மேடம், புதுசுதான் போடணும்" என்றார். மெஷினை இயக்கும் மின்னணுப் பலகையைத்தான் போர்டு என்கிறார்கள். மொத்தம் ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மீட்டர் வைத்து எதையும் சோதிக்கவில்லை. கதவை அழுத்தினால் ஓடுகிறதே என்று நான் சொன்னதற்கு, "போர்டு வீக்கா இருந்தா அப்படித்தான் பண்ணும்" என்று பதில் வந்தது. முன்பணம் வாங்கிக்கொண்டு, போர்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்.

ஒன்பது நாள் கழித்து வந்து போர்டை மாட்டினார். நான் உள்ளே வேலையாக இருந்த நேரத்தில் முன்பக்கத் தகட்டையும் கழற்றி மாட்டியிருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, சுத்தம் செய்ததாகச் சொன்னார். மெஷின் ஓடியது. மீதிப் பணத்தைக் கொடுத்தேன். ரசீதில் "போர்டு மாற்றியது" என்ற ஒற்றை வரி, கீழே ஒரு கைபேசி எண், அவ்வளவுதான். அவர் கிளம்பும்போது, கதவைத் திறந்தால் எரியும் உள்விளக்கு எரியாததைக் கவனித்துக் கேட்டேன். "பல்பு ஃப்யூஸ் ஆகியிருக்கும், மாத்திக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நான்காம் நாள் ஒரு போர்வையைப் போட்டு ஓட விட்டிருந்தேன். அடுத்த அறையில் இருந்தபோது மகள் கூப்பிட்டாள்: "அம்மா, துணி வெளியே வருது!" போய்ப் பார்த்தால் கதவு தானாகத் திறந்து கிடக்கிறது. ட்ரம் முழு வேகத்தில் சுற்றுகிறது. போர்வையின் ஒரு முனை வெளியே வந்து வந்து உள்ளே இழுபடுகிறது. அதைப் பிடிப்பதற்குக் குழந்தை கையை நீட்டிக்கொண்டிருக்கிறாள். அவளை இழுத்துத் தள்ளிவிட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் என் கை நடுங்கியது. போர்வையின் முனையை அவள் பிடித்திருந்தால் கை அதோடு சேர்ந்து உள்ளே போயிருக்கும்.

அன்று மாலையே தோழியின் அப்பாவை அழைத்தேன். பல வருடம் வீட்டுச் சாதனங்கள் பழுது பார்த்தவர், இப்போது ஓய்வில் இருக்கிறார். முன்தகட்டைக் கழற்றிய உடனேயே, "இங்க பாரும்மா" என்று காட்டினார். கதவு சுவிட்சிலிருந்து இரண்டு வயர்களைப் பிடுங்கி, ஒன்றோடொன்று முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தது. மூன்றாவது வயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அது உள்விளக்குக்குப் போகும் வயர். பல்புக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை.

கதவு சுவிட்ச் என்பது கட்டைவிரல் அளவுப் பொருள்தான். கதவு மூடும்போது ஒரு சின்ன நெம்புகோல் உள்ளே அமுங்கும், டக் என்று சத்தம் வரும், மோட்டாருக்கான இணைப்பு சேரும். கதவு திறந்தால் அந்த இணைப்பு அறுந்து மோட்டார் நிற்கும். எங்கள் மாடலைப் போலப் பலவற்றில் அதே சுவிட்ச்தான் விளக்கையும் ஏற்றி அணைக்கிறது. வயர்களை நேரடியாகச் சேர்த்துவிட்டால் கதவு எப்போதும் மூடியிருப்பதாகவே மெஷின் எடுத்துக்கொள்ளும். பழுது போனது போலத் தெரியும். ஆனால் போனது பாதுகாப்பு மட்டும்தான்.

"புது" போர்டையும் அங்கிள் திருப்பிப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த சீட்டில் தயாரிப்பு ஆண்டு 2018 என்று இருந்தது. பழுது பார்க்க வந்தவர் எங்கள் பழைய போர்டையே துடைத்துக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்.

சரி, உண்மையான கோளாறுதான் என்ன? கதவின் கீழ்க்கீலில் ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, கதவு சில மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. கதவில் இருக்கும் கொக்கியின் நாக்கு, சட்டத்தில் உள்ள பிடிப்பானுக்குள் நேராகப் போகாமல் கீழ்விளிம்பில் உரசி உரசித் தேய்ந்துபோயிருந்தது. கதவு மூடியது போலத் தெரியும், ஆனால் நெம்புகோல் முழுதாக அமுங்காது. ட்ரம் சுற்றும் அதிர்வில் இணைப்பு விட்டுவிடும். ஸ்க்ரூவை இறுக்கி, கொக்கியும் பிடிப்பானும் ஒரு ஜோடி மாற்றி, வயர்களைப் பழையபடி சுவிட்சில் சொருகினார். சுவிட்சுக்கு ஒரு குறையும் இல்லை. ஈரத் துணியைக் கதவின் மேல் தொங்கவிடும் பழக்கம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு, கதவு இறங்கியதற்கு அதுவே காரணமாக இருக்கும் என்றார். இப்போது அதை நிறுத்திவிட்டோம்.

அன்று அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த சோதனைகளை இங்கே எழுதுகிறேன். ஓட விட்டுப் பார்க்கும் ஒரே ஒரு சோதனையைத் தவிர மற்றவற்றுக்கெல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் கை வைக்க வேண்டும்.

முதலில் கண்ணும் காதும் போதும். கதவை மெதுவாக மூடும்போது டக் என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். சுவிட்சின் நெம்புகோல் வெளியே தெரிந்தால் விரலால் அமுக்கிப் பாருங்கள், அமுக்கும்போதும் விடும்போதும் சத்தம் வர வேண்டும், நெம்புகோல் தானாகத் திரும்பி வர வேண்டும். விரலால் அமுக்கினால் சத்தம் வருகிறது, கதவை மூடினால் வரவில்லை என்றால் சுவிட்சை விட்டுவிட்டுக் கதவைப் பாருங்கள். சில மாடல்களில் சுவிட்ச் கொக்கித் துளைக்குள்ளேயே மறைந்திருக்கும், சிலவற்றில் காந்தத்தால் இயங்கும். அவற்றில் இந்தச் சோதனை உதவாது.

அப்புறம் பிடிப்பானின் துளை. அதற்குள் துணிப்பஞ்சு அடைந்து இறுகிப்போனால் கொக்கி முழுதாக உள்ளே போகாது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் நன்றாகக் கிளறி எடுங்கள். இது மட்டுமே செய்து சரியாகிவிடும் மெஷின்கள் எத்தனையோ இருக்கும்.

கதவைப் பாதி திறந்து, கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆடினால் கீல் தளர்ந்திருக்கிறது. கொக்கி எங்கே போய் இடிக்கிறது என்று தெரிய, அதன் நுனியில் சாக்பீஸ் தடவிக் கதவை மூடித் திறந்தால் போதும், சட்டத்தில் தடம் விழும். தடம் துளையின் நடுவில் இல்லாவிட்டால் கீல் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கதவை நேராக்கி, மறுபடி இறுக்க வேண்டும். இதற்கு இன்னொருவர் கதவைத் தாங்கிப் பிடித்தால் நல்லது, கண்ணாடிக் கதவு நினைப்பதைவிடக் கனம். இடது, வலது என்று கதவுத் திசையை மாற்றி மாட்டிய மெஷின்களில் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள்.

மெஷின் முன்பக்கம் சாய்ந்திருந்தாலும் கதவு தானாகத் திறக்கக்கூடும். ரசமட்டம் வைத்துப் பார்த்து, அடியில் உள்ள கால்களைத் திருகிச் சரிசெய்துவிடலாம். அளவுக்கு மீறித் துணியைத் திணித்தால் துணியே கதவைத் தள்ளிவிடும்.

சுவிட்ச் மேல் சந்தேகம் இருந்தால், மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டர் வேண்டும். பிளக்கைப் பிடுங்கி, வயர்களைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, சுவிட்சிலிருந்து கழற்றுங்கள். மோட்டாருக்குப் போகும் இரண்டு முனைகளில் மீட்டரை வையுங்கள். நெம்புகோலை அமுக்கினால் மின்தடை ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும், விட்டால் இணைப்பே இல்லை என்று காட்ட வேண்டும். எப்படி அமுக்கினாலும் மாறாமல் ஒரே மாதிரி காட்டினால் சுவிட்ச் போய்விட்டது. முனை கருகியிருந்தாலும் மாற்றிவிடுங்கள். தகட்டின் விளிம்புகள் கத்தி மாதிரி இருக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எரிவாயுவில் ஓடும் டிரையர் என்றால் உள்ளே கை வைக்காமல், முறையாகத் தெரிந்தவரையே கூப்பிடுங்கள்.

கதவு மூடுகிறது, ஓடவும் செய்கிறது, ஆனால் துணி காய நேரம் கூடிவிட்டது என்றால் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்தால் அது பிடித்து நிற்க வேண்டும். சுற்றிலும் நாலைந்து இடத்தில் இப்படிப் பாருங்கள். காற்றைக் குழாய் வழியே வெளியே தள்ளும் வகை மெஷின் என்றால் ஓடும்போது கதவு இடுக்கில் மெல்லிய டிஷ்யூ தாளைக் காட்டுங்கள், ரப்பர் விட்டிருக்கும் இடத்தில் தாள் உள்ளே இழுபடும்.

கதவு, சுவிட்ச் எல்லாம் சரியாக இருந்தும் மெஷின் உயிரே இல்லாமல் கிடந்தால், அதிகச் சூட்டில் அறுந்துபோகும் வெப்ப ஃப்யூஸைச் சந்தேகப்படலாம். பஞ்சு அடைத்துக் காற்று போக வழியில்லாதபோதுதான் அது பெரும்பாலும் போகும். அடைப்பை எடுக்காமல் ஃப்யூஸை மட்டும் மாற்றினால் அதுவும் போகும்.

உதிரிபாகம் வாங்கும்போது பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிறதே என்று வாங்காதீர்கள். பல மெஷின்களில் கதவைத் திறந்தால் உள்விளிம்பில் மாடல் எண் ஒட்டியிருக்கும், அதைச் சொல்லி வாங்குங்கள். கொக்கியையும் பிடிப்பானையும் சேர்த்தே மாற்றுங்கள், தேய்ந்ததோடு புதிது பொருந்தாது. உடைந்த கொக்கியைப் பசை போட்டு ஒட்டுவதும், கதவுக்கு டேப் ஒட்டி ஓட்டுவதும் வேண்டாம், சூட்டில் விட்டுவிடும்.

ஆளைக் கூப்பிடுவதானால், இனி நான் விடமாட்டேன் என்று முடிவு செய்த சில விஷயங்கள் உண்டு. போர்டு போய்விட்டது என்று சொன்னால், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று கேட்பேன், மீட்டரில் காட்டச் சொல்வேன். பாகத்தை வெளியே கொண்டுபோவதானால் அதன் சீட்டைப் போட்டோ எடுத்த பிறகே கொடுப்பேன். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்பேன். அவர் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நிற்பேன். பணம் கொடுக்கும் முன், மெஷின் ஓடும்போது அவர் எதிரிலேயே கதவைத் திறந்து பார்ப்பேன்.

அந்த ஆளை மறுநாளே போனில் பிடித்தேன். வயரை ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டேன். "மிஷின் ஓடுதுல்ல மேடம், அதுக்குத்தானே கூப்பிட்டீங்க?" என்றார். குழந்தை கையை நீட்டியதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, அப்புறம் லைனைத் துண்டித்துவிட்டார். அதற்குப் பிறகு என் எண்ணிலிருந்து அழைத்தால் எடுப்பதில்லை.

நுகர்வோர் புகார் கொடுத்திருக்கிறேன். ரசீது, போர்டுச் சீட்டின் போட்டோ, முறுக்கிய வயரை அங்கிள் பிரிப்பதற்கு முன் எடுத்த மூன்று போட்டோக்கள், எல்லாம் சேர்த்தாகிவிட்டது. அவர் உரித்தெடுத்த டேப்பையும் ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன், விசாரணைக்குக் கூப்பிட்டால் கையோடு கொண்டுபோவேன்.