கவாத்துக் கிளைகளைக் கரியாக்கும் வாடகைக் கலன்: ஒரு கோத்தகிரி மதிப்பீடு

கோத்தகிரிப் பகுதியின் சிறு தேயிலை விவசாயிகளுக்கு வாடகைக்கு வரும், மரத்தைக் கரியாகவும் எண்ணெயாகவும் மாற்றும் வெப்பச் சிதைவுக் கலனை எங்கள் தோட்டத்திற்கு வரவழைத்தோம். கரி வேண்டுவோர் தயங்காமல் அழைக்கலாம் என்பதும், எண்ணெயை நம்பி அழைக்க வேண்டாம் என்பதும் என் முடிவு.

கவாத்தில் விழுந்த தடித்த கிளைகளையும், வேலியோரம் மண்டிய உண்ணிச்செடியின் தண்டுகளையும் துண்டாக்கிக் காற்றுப் புகாத உட்கலனில் அடைத்து, வெளியே தீயிட்டுச் சூடேற்றுகிறார்கள். வெப்பம் 500 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது மரம் எரியாமல் சிதைகிறது. எழும் ஆவியில் ஒரு பகுதி குளிர்குழாயில் எண்ணெயாக இறங்க, குளிராத வாயு அடுப்புக்கே திரும்பி எரிவதால், கரிமூட்டத்தில் எழும் புகையில் சிறு பங்குகூட இங்கே இல்லை. கரியும் சீராக வெந்திருந்தது. அது காரத்தன்மை உடையது என்பதால், புளிப்பு மண்ணை விரும்பும் தேயிலைத் தூர்களில் அள்ளிப் போடாமல், எருவோடு கலந்து காய்கறிப் பாத்திகளுக்கு இடுவதே நல்லது. இலைகளையும் மெல்லிய குச்சிகளையும் கலனுக்குக் கொடுக்காதீர்கள். அவை தோட்டத்து மண்ணுக்கே உரியவை.

எண்ணெயை டீசலுக்கு மாற்று என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. வினையூக்கி இல்லாமல் கிடைக்கும் மர எண்ணெயில் எடைக்கு 35 முதல் 40 விழுக்காடு ஆக்சிஜன் இருக்கிறது. நீரும் கணிசமாகக் கலந்திருக்கிறது. அதன் வெப்ப ஆற்றல் டீசலில் பாதியைக்கூட எட்டாது. அமிலம் மிகுந்திருப்பதால் இரும்பை அரிக்கும், சேமித்து வைத்தால் நாளடைவில் கெட்டியாகும். இக்குறையைப் போக்கத்தான் ஆவியை இசட்.எஸ்.எம்-5 போன்ற சியோலைட் (நுண்துளைகள் நிறைந்த கனிம வினையூக்கி) வழியாகச் செலுத்துகிறார்கள். அதன் நுண்துளைகளில் ஆக்சிஜன் நீராகவும் கரியமில வாயுவாகவும் கார்பன் மோனாக்சைடாகவும் பிரிந்து போக, எண்ணெயின் அளவு குறைந்தாலும் தரம் உயர்கிறது. ஆனால் அத்துளைகளைக் கரிப்படிவு விரைவில் அடைத்துவிடும். காற்றில் அதை எரித்து நீக்கினால்தான் சியோலைட் மீண்டும் வேலை செய்யும். எங்களிடம் வந்த கலனில் வினையூக்கிக் கூடு இருந்தும், அதைக் கடைசியாக எப்போது எரித்துச் சுத்தம் செய்தார்கள் என்ற கேள்விக்கு இயக்குபவரிடம் பதில் இல்லை. இறங்கிய எண்ணெயோ கறுத்து, புளித்த நெடியுடன் இருந்தது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தச் சேவையை அழைப்பது வீண். ஈர மரத்தை உலர்த்தவே பெரும்பகுதி வெப்பம் போய்விடும். கிளைகளைக் கூரையடியில் அடுக்கி நன்றாகக் காயவிட்ட பிறகே நாள் குறியுங்கள். வினையூக்கியைப் பற்றி அப்போதே கேட்டுவிடுங்கள்.