பாத்டப்பில் காய்ந்த டைல்ஸ் பசை: பிளேடா, ஆசிட்டா, வினிகரா, வெறும் வெந்நீரா?

டைல்ஸ் வேலை முடிந்த பாத்ரூமில் டப்பின் விளிம்பிலும் உள்சுவரிலும் சாம்பல் நிறத்தில் நாலைந்து திட்டு காய்ந்து கிடப்பது சகஜம். சாக்கு விரித்து மூடாமல் வேலை பார்த்திருப்பார்கள். கேட்டால் டைல்ஸ்காரர், "ஆசிட் ஊத்தினா போயிடும் சார்" என்பார். பிளம்பர் பிளேடை எடுப்பார். பெயின்டர் தின்னர் டப்பாவை நீட்டுவார். வீட்டில் இருப்பவர்கள் வினிகர் என்பார்கள். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு இடத்தில் சரியான வழிதான். ஆனால் டப்பில் கீறல் விழக் கூடாது என்றால், பெரும்பாலான வீடுகளுக்கு நான் சொல்வது ஆளுக்கு ஆள் அலட்சியமாகத் தள்ளிவிடும் வெந்நீரும் பிளாஸ்டிக் துண்டும்தான்.

காரணம் பசைக்குள்ளேயே இருக்கிறது. மூட்டையில் பவுடராக வந்து தண்ணீரில் குழைக்கிற பசை (நம்மூர் மூட்டைகளில் ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கும்) சிமெண்ட், நைஸ் மணல், கொஞ்சம் பாலிமர் (பிளாஸ்டிக் மாதிரியான) பவுடர் சேர்ந்த கலவை. அந்த மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் அதற்கு 7. இரும்பு டப்பின் எனாமல் பூச்சு 5, 6 என்ற அளவில் நிற்கும். பிளாஸ்டிக் ரகமான அக்ரிலிக் டப் 3-ஐத் தாண்டாது. ஆக, டப்பைக் கீறுவது பிளேடு மட்டுமில்லை. பெயர்ந்து வரும் பசையை அழுத்தித் தேய்த்தாலே அதிலிருக்கும் மணல் அந்த வேலையைச் செய்துவிடும். எந்த வழியைப் பிடித்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது பசையைத் தூக்குகிறதா, இழுத்துத் தேய்க்கிறதா?

முதலில் டப் எந்த ரகம்?

ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தை எடுத்து டப்பின் மேல் வையுங்கள். ஒட்டினால் இரும்பு அல்லது ஸ்டீல் மேல் எனாமல் பூசியது. ஒட்டாமல், தட்டினால் மொத்தையாகச் சத்தம் வந்து, தொட்டால் சில்லென்று இல்லாமலும் இருந்தால் அக்ரிலிக் அல்லது ஃபைபர். இப்போது ஃபிளாட்டுகளில் போடுவது பெரும்பாலும் அக்ரிலிக்தான். இது தெரியாமல் எந்த பாட்டிலையும் திறக்க வேண்டாம். எனாமலுக்குச் சரிப்படுவது அக்ரிலிக்கைக் கெடுக்கும். திருப்பிச் சொன்னாலும் பாதி உண்மை.

பிளேடும் பிளாஸ்டிக்கும்

எனாமல் என்பது இரும்பின் மேல் உருக்கிப் படிய வைத்த கண்ணாடி. அதில் புது ரேசர் பிளேடை சோப்புத் தண்ணீரில் நனைத்து, கிட்டத்தட்ட படுக்கப் போட்டு நகர்த்தினால் பசை சீவிக்கொண்டு வரும். துருப்பிடித்த பிளேடு, முனை உடைந்த பட்டித் தகடு, உலர்ந்த பரப்பு, இந்த மூன்றும் கூடாது. வேகத்தைப் பார்த்தால் எனாமலுக்கு இதுதான் முதலிடம்.

அக்ரிலிக்கில் பிளேடு வேண்டவே வேண்டாம். பிளேடின் மூலை கொஞ்சம் சாய்ந்தாலும் கோடு விழும்; அந்தக் கோட்டில் அழுக்கு ஏறிய பிறகு தினமும் கண்ணை உறுத்தும். அங்கே பழைய ஏடிஎம் கார்டோ மரக்கரண்டியின் விளிம்போ போதும். எப்படிப் போதும் என்பதுதான் சுவாரசியம். சூட்டில் அக்ரிலிக் விரிவடையும் அளவு சிமெண்ட்டைப் போல ஐந்தாறு மடங்கு. கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பிக் கொஞ்ச நேரம் விட்டு, வடித்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் அடியில் டப் விரிந்து சுருங்கும், மேலே பசை அப்படியே நிற்கும். வழவழப்பான அக்ரிலிக்கில் சிமெண்ட்டுக்கு ஏற்கெனவே பிடிமானம் குறைவு. பாலிமரும் ஈரத்தில் கொஞ்சம் இளகும். திட்டின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு இடைவெளி தெரியும். கார்டின் மூலையை அங்கே நுழைத்து மேல்நோக்கி நெம்பினால் காசு அளவுத் துண்டு டக்கென்று கையோடு வரும். வராவிட்டால் அழுத்தாதீர்கள், மறுபடி வெந்நீர். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். 100 டிகிரி செல்சியஸ் பக்கம் போனால் அக்ரிலிக்கே இளக ஆரம்பிக்கும்.

விளிம்பில் தண்ணீர் நிற்காதே என்பார்கள். பழைய டவலை வெந்நீரில் நனைத்துப் போட்டு, மேலே பாலித்தீன் கவர் மூடிவிட்டால் சரி.

வினிகரும் ஆசிட்டும்

இரண்டும் செய்வது ஒரே வேலை, சிமெண்ட்டிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைப்பது. வித்தியாசம் வேகத்தில். சமையல் வினிகரில் அசிட்டிக் அமிலம் 4, 5 சதவீதம்; மெல்லிய படலம் போன்ற கறைக்கு அது போதும், கனமான திட்டுக்கு மேல்தோலை மட்டும் இளக்கும். போர் தண்ணீர் வரும் வீடுகளில் வினிகர் பட்டதும் வெள்ளை மாயமாய் மறைவதைப் பார்த்து, பசையே போய்விட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. போனது உப்புக்கறை.

கடையில் பாட்டிலில் விற்கிற ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம். சிமெண்ட்டைப் பொங்கப் பொங்கக் கரைக்கும். வேடிக்கை பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மணலும் பாலிமரும் அதில் கரையாது. முடிவில் ரப்பர் மாதிரி ஒரு பிசுக்கும் அதில் புதைந்த மணலும் மிஞ்சும். அதைத்தானே ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்ப்பார்கள்? இதற்குள் ஆவி பட்டு குழாயின் குரோம் மங்கியிருக்கும், டைல்ஸ் இடுக்கில் அடைத்த சிமெண்ட் கிரவுட் அரித்திருக்கும். எனாமலின் பளபளப்பும் போகும், திரும்ப வராது. அக்ரிலிக் மட்டும் நீர்த்த ஆசிட்டைத் தாங்கும் என்பது உண்மைதான், அதற்காக டப்பைச் சுற்றி இருப்பதை எல்லாம் பலி கொடுக்க முடியாது. அந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் மிச்சம் இருந்தால் ஆசிட் பட்டுக் குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது மூச்சுக்கே ஆபத்து. என் கணக்கில் ஆசிட் போட்டியிலேயே இல்லை.

வினிகரை அக்ரிலிக்கில் இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். பெரிய துண்டுகள் வந்த பிறகு மிஞ்சும் மங்கலான படலத்தின் மேல் வினிகரில் நனைத்த டிஷ்யூ பேப்பரைப் பரப்பி, ஊறியதும் கழுவுங்கள். எனாமல் டப்பில் நிமிடக் கணக்கோடு நிறுத்துங்கள். ராத்திரி முழுக்க ஊற வைத்தால் மங்கும்.

தின்னரும் ஹீட் கன்னும்

தின்னர், அசிட்டோன் இரண்டுக்கும் சிமெண்ட் அசையாது, அக்ரிலிக்தான் அசையும்: வெளுக்கும், நுண்விரிசல் ஓடும். நெயில் பாலிஷ் ரிமூவரிலும் அசிட்டோன் இருக்கும், அதனால் அதையும் எடுக்காதீர்கள்.

இரண்டு டப்பாவைக் கலந்து போடுகிற எபாக்ஸி மட்டும் தனிக் கதை. இறுகிய எபாக்ஸியை டப்புக்குச் சேதமில்லாமல் கரைக்கும் திரவம் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஹேர் டிரையரைத் தள்ளிப் பிடித்து, ஆட்டிக்கொண்டே சூடேற்றினால் கொஞ்சம் இளகும். அப்போது கார்டை நுழைக்க வேண்டும். ஹீட் கன்னை அக்ரிலிக் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம், அதன் காற்று பல நூறு டிகிரி. வாளியில் குழைத்தே வரும் வெள்ளைப் பசை என்றால் அதிர்ஷ்டம், வெந்நீரிலேயே பெரும்பாலும் இளகிவிடும்.

கீறல் விழுந்துவிட்டால்

இங்கே அக்ரிலிக்குக்கு ஒரு அனுகூலம். நிறம் தகடு முழுக்க இருப்பதால், 1500, அப்புறம் 2000 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்து லேசாகத் தேய்த்து, கார் பாலிஷ் போட்டால் மேலோட்டமான கீறல் மறையும். ஃபைபர் டப்பின் மேல்பூச்சான ஜெல்கோட் மெல்லிசு, அதிகம் தேய்க்க முடியாது. எனாமலில் இந்த வைத்தியமே கிடையாது.

வேலை முடிந்ததும் துண்டுகளையும் குழம்பையும் தண்ணீர் விட்டு ஓட்டிவிடாமல் ஈரத்துணியால் ஒற்றி எடுத்துக் குப்பையில் போடுங்கள். மணல் டப்பின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைந்த குழாயில் (டிராப்) போய்ப் படிந்தால், அடுத்த செலவு பிளம்பருக்கு.